தங்கைக்காக எழுந்த மருத்துவமனை



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வசிக்கும் உங்களில் பலர் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் போயிருப்பீர்கள். மானையும் மலைப்பாம்பையும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, அதே சர்தார் படேல் சாலையில் அடையாறு நோக்கி இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. பையும் படுக்கையுமாக வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அங்கே காத்திருப்பார்கள். மக்கள் அதை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள்.

அந்த மருத்துவமனை ஓர் அக்காவின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அந்த அக்காவின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வம். போனாலும் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். முத்துலட்சுமியோ மெட்ரிகுலேஷன் வரை படித்துத் தேறிவிட்டார். அடுத்து கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊரில் இருந்ததோ ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி. அதில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்றுகூடப் பேசினார்கள்! ஆனால், புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியில் காலடி வைத்த முதல் மாணவி முத்துலட்சுமிதான்.

1907இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பல தங்கப் பதக்கங்களுடன் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவர், மனைவி இருவருமே டாக்டர்கள். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பிள்ளைகள். இதில் கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் வருவார்.

தங்கைக்கு வந்த நோய்

முத்துலட்சுமிக்கு சுந்தரம்மாள் என்று ஒரு தங்கை. அக்காவுக்கு அவர் மீது மிகுந்த பாசம். அந்தத் தங்கைக்கு வயிற்றுப் போக்கும் ரத்தப்போக்குமாக உடல்நிலை கெட்டது. முதலில் எல்லோரும் அதைச் சீதபேதி என்றே எண்ணினார்கள். அதற்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். நோய் குறையவில்லை. நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. கடைசியில்தான் தெரிந்தது, அது சீதபேதி அல்ல, மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று.

தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் சுந்தரம்மாள் இறந்துபோனார்.

யோசித்துப் பாருங்கள், குழந்தைகளே! அக்கா டாக்டர். அக்காவின் கணவரும் டாக்டர். ஊரில் உள்ள பெரிய டாக்டர்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் அந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. நோய் இன்னதென்று சரியாகத் தெரியாமல் கொடுக்கும் மருந்து, முகவரி தவறாக எழுதிய கடிதம் மாதிரி. எவ்வளவு நல்ல கடிதமாக இருந்தாலும் போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேராது. இந்த உண்மை முத்துலட்சுமியின் மனதில் ஆறாத புண்ணாகப் பதிந்தது.

நோயின் பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒருவருக்கு இருப்பது சாதாரணப் புண்ணா, கட்டியா, புற்றுநோயா என்று டாக்டர்கள் எப்படி உறுதி செய்கிறார்கள்? நல்ல கேள்வி. பெரியவர்கள் பேசும்போது, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுதான் பயாப்ஸி. தமிழில் திசுப் பரிசோதனை என்போம்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். செல்கள் ஓர் ஒழுங்கோடு பிரியும், வளரும், வயதானதும் மடியும். காலைப் பிரார்த்தனையில் நீங்கள் வரிசையாக நிற்பது போல அவையும் வரிசையாக இருக்கும். புற்றுநோய்ச் செல்கள் இந்த ஒழுங்கை மதிப்பதில்லை. கணக்கில்லாமல் பெருகும். பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக, சந்தேகப்படும் இடத்தை மரத்துப்போகச் செய்து, அங்கிருந்து துளியூண்டு சதையை எடுப்பார்கள். சில கட்டிகளுக்கு ஊசியே போதும். அதை வைத்துச் சில செல்களை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எடுத்த சதை கெட்டுப் போகாமலிருக்க அதை பார்மலின் திரவத்தில் போடுவார்கள். பிறகு அதிலிருக்கும் நீரை நீக்கி, உருக்கிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. மைக்ரோடோம் என்று ஒரு கருவி. வாழைக்காய் சிப்ஸ் சீவுவது போல அது அந்த மெழுகுக் கட்டியைச் சீவும். எவ்வளவு மெல்லிசாக என்று நினைக்கிறீர்கள்? உங்கள் ஸ்கேலில் உள்ள ஒரு மில்லி மீட்டரை 200 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு மெல்லிசு! உங்கள் தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன்.

அந்தச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு சாயம் செல்லின் உட்கருவை நீல ஊதா நிறமாக்கும். அந்தச் சாயம் ஒரு வகை மரத்தின் கட்டையிலிருந்து கிடைப்பது. இன்னொரு சாயம் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். பிறகு பேதாலஜிஸ்ட் என்னும் நிபுணர் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்ப்பார். வரிசை கலைந்திருக்கிறதா, உட்கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா என்று கவனிப்பார். அதன்பிறகே நோயின் பெயரை எழுதுவார். இத்தனை வேலைகள் இருப்பதால்தான் முடிவு வரச் சில நாட்கள் ஆகின்றன.

நோய்க்குக் காரணம் செல்களில்தான் இருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ருடால்ஃப் விர்கோ என்ற ஜெர்மன் மருத்துவர். 1858இல் இதைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதினார். பயாப்ஸி என்ற பெயரை 1879இல் சூட்டியவர் எர்னஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சு மருத்துவர்.

ஒரு சம்பவம் கேளுங்கள். 1887இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அதிலிருந்து எடுத்த துணுக்குகளை விர்கோவே பார்த்தார். அவற்றில் புற்றுநோய் இருப்பதற்கான அடையாளம் தெரியவில்லை. ஆனால், இளவரசருக்கு இருந்தது புற்றுநோயே. அரியணை ஏறிய 99ஆம் நாள், 1888 ஜூன் 15 அன்று, அவர் இறந்தார். சரியான இடத்திலிருந்து போதுமான அளவு சதை எடுக்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பதை இந்தச் சம்பவம் நினைவூட்டுகிறது.

பார்த்தீர்களா? அரண்மனையில் இருந்தாலும், டாக்டர் வீட்டில் இருந்தாலும், நோயைச் சரியாக அடையாளம் காண்பதுதான் முதல் படி. அதற்கு நல்ல பரிசோதனைக் கூடம் வேண்டும். அதிலேயே ஊறிப்போன நிபுணர்கள் வேண்டும். சுந்தரம்மாள் இறந்த காலத்தில் தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை ஒன்றுகூடக் கிடையாது.

மறக்காத அக்கா

1925இல் முத்துலட்சுமி மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்கத்தான் போனார். ஆனால், லண்டனில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்ததும் தங்கையின் நினைவு வந்தது. இப்படி ஒன்று நம் ஊரில் இருந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எண்ணினார். அந்த எண்ணம் அவரை விடவே இல்லை.

ஊர் திரும்பியதும் வேறு கடமைகள் அழைத்தன. மதராஸ் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதெல்லாம் சிறுமிகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். சில பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் இருந்தது. இந்தக் கொடுமைகளை எதிர்த்து அவர் சபையில் போராடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்திஜி கைது செய்யப்பட்டபோது, 1930இல் தம் பதவியையே உதறினார். போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இன்றும் அடையாறில் அது இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் தங்கையை மறந்தாரா? இல்லை. 1935இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில், புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை எல்லோருக்கும் அறிவித்தார்.

உடனே எல்லோரும் ஓடி வந்து உதவினார்களா? அதுதான் இல்லை. காசநோய்க்காக நம் தாம்பரத்தில் 1928லேயே டாக்டர் சௌரி முத்து ஒரு சானடோரியம் தொடங்கிவிட்டார். நீங்கள் ரயிலில் பார்க்கும் தாம்பரம் சானடோரியம் நிலையத்தின் பெயர் அதனால் வந்ததுதான். ஆனால், புற்றுநோய் என்றாலே மரணம் என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். பிழைக்கவே முடியாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு, பணத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். உதவி செய்யும் இடத்தில் இருந்தவர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள். படித்தவர்கள் கேட்ட இந்தக் கேள்விதான் முத்துலட்சுமிக்குப் பெரிய தடையாக இருந்தது. பிழைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், ஏன் பிழைப்பதில்லை? தாமதமாகக் கண்டுபிடிப்பதால் பிழைப்பதில்லை. தங்கையின் படுக்கை அருகே அவர் படித்த பாடம் அது.

அவர் அசரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் ஆனார். அவரைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1952இல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி மருத்துவமனை திறக்கப்பட்டது.

தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காவுக்கு அப்போது 67 வயது!

பன்னிரண்டு படுக்கைகள்

தொடக்கத்தில் அது ஒரு சின்னக் கட்டடம். படுக்கைகள் 12 மட்டுமே. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இரவு பகலாக உழைத்தார். 1955இல் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். நல்ல அரசு வேலை அவருக்குக் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தச் சின்ன மருத்துவமனையைத் தேடி வந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 2021 ஜனவரியில் கண்ணை மூடும் வரை, 65 ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே அவருடைய உலகம். 2005இல் மகசேசே விருதும், பிறகு பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன.

பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகளோடு வளர்ந்து நிற்கிறது. அங்கே சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கிறது. புற்றுநோய் மருத்துவம் கற்றுத் தரும் கல்லூரியும் இருக்கிறது. 1980களிலிருந்து சென்னையில் யார் யாருக்கு எந்த வகைப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுத்துப் பதிவும் செய்கிறார்கள். எந்த நோய் எங்கே அதிகம் என்று தெரிந்தால்தானே முன்கூட்டியே தேடிப் பிடிக்க முடியும்? பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் கொள்கை.

முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி, தம் 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கும்போது அவர் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தைகளே! கதை முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியைக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி வந்தது. வலிக்கவில்லை. ஒரு டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொன்னார். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார் டீச்சர். பிறகு, விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்றார். இதற்கு நடுவில், கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். அதோடு போகவே இல்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது ஆசிரியர் அறையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. இன்றும் எனக்கு அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. நானாவது பிடிவாதமாகக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கலாமே என்று தோன்றுகிறது.

கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம். பயாப்ஸியால் நோய் பரவுவது மிக மிக அரிது. அப்படி நேராதபடி எப்படி எடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்குத் தெரியும். புற்றுநோய் பரவுவதற்கு நாம் கொடுக்கும் பெரிய வாய்ப்பு தாமதம்தான். இன்னொன்று: பயாப்ஸி எடுக்கச் சொன்னால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எத்தனையோ கட்டிகள் சாதாரணக் கட்டிகள் என்றே முடிவு வருகிறது. அப்போது நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் குணமாக்கும் வாய்ப்பு அதிகம். இது தொற்றுநோயும் அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப் பிடித்து முத்தமும் கொடுக்கலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடும் தாத்தாவுக்கு வாயில் புண் வந்து, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? பாட்டிக்கோ அம்மாவுக்கோ உடம்பில் புதிதாக ஒரு கட்டி தெரிகிறதா? அப்பாவுக்குக் காரணமில்லாமல் ரத்தம் போகிறதா? குரல் கம்மியே கிடக்கிறதா? பயப்பட வேண்டாம். ஆனால், சும்மாவும் இருக்க வேண்டாம். பெரியவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் விடாதீர்கள். சைக்கிள் வேண்டும் என்று அடம் பிடிப்பீர்களே, அதே மாதிரி அடம் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இந்த அடத்துக்கு எந்த ஆசிரியரும் உங்களைத் திட்ட மாட்டார்!

தங்கையைக் காப்பாற்ற முடியாத ஓர் அக்கா, மற்றவர்களின் தங்கைகளைக் காப்பாற்ற 31 ஆண்டுகள் பாடுபட்டு ஒரு மருத்துவமனையைக் கட்டினார். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதவு வரை நம் வீட்டுப் பெரியவர்களைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. சரிதானே, செல்வங்களே?